ஒன்பது மீட்டர்

தரகர் சீனிக்கட்டி மூன்றாம் முறையாக வந்தார்.
"ரோட்டுமேல் இருக்கிற நாலாம் நம்பரைக் கொடுத்துவிடு நம்புராணி,
இந்த விலை இனிமேல் வராது."
டீ கொடுத்தேன். என்ன விலை என்று கேட்கவில்லை.

வாங்கினால் விற்பதில்லை.
இதைக் கொள்கை என்று சொல்லக் கூச்சம்.
முதல் வீட்டை வாங்கியபோது
விற்கத் தெரியாமல் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.
கருவாட்டுக் காசு. ஓட்டு வீடு. கிணற்றில் உப்பு.
அதன் வாடகை இரண்டாவதற்கு வட்டி கட்டியது,
இரண்டும் சேர்ந்து மூன்றாவதற்கு வானம் தோண்டின.
எங்கள் வீட்டு மாடுகூட இப்படி ஈன்றதில்லை.

இப்போது மண்டபத்தில் ஆறு, வேதாளையில் இரண்டு,
பாம்பனில் காற்று மட்டும் குடியிருக்கும் ஒன்று.
ஐந்தாம் தேதி வங்கி கேட்கும்,
பத்தாம் தேதிதான் வாடகை வரும்.
நடுவிலுள்ள அந்த ஐந்து நாளில்தான்
எனக்கு நரை விழுந்தது.

கடலைப் பார்த்த வீடு என்று
மதுரைக்காரர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.
கடலும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது,
அதை நான் சொல்வதில்லை.
மூன்றாம் நம்பர் பால்கனியில் கம்பி ஊதி
சிமெண்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கிறது.
கொத்தனார் நாகூர்கனி சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டி
உதட்டைப் பிதுக்கினார்.
"கடல் மண்ணைக் கலந்திருக்கான்."
எந்தப் பாவி என்று நானும் சேர்ந்து திட்டினேன்.
அந்த வருஷம் லாரி மணல் என்ன விலை விற்றது,
சரி கலந்துக்க என்று யார் சொன்னது,
எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாலத்து வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள்
அறைக்கு எட்டுப் பேர்,
ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை.
பாலம் முடிந்தது. ஒரே ரயிலில் போனார்கள்.
சுவரில் பென்சிலால் எழுதிய போன் நம்பர்கள் இருக்கின்றன.
வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறேன்,
சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

சித்திரையில் தடைக்காலம் வந்தால்
படகோடு சேர்ந்து வாடகையும் கரையேறிவிடும்.
அதனால் என் வருஷத்துக்குப் பத்து மாதம்தான்.
மழைக்குக் கொஞ்சம், மோட்டாருக்குக் கொஞ்சம்,
சொல்லாமல் ஓடிப்போகிறவனுக்குக் கொஞ்சம்,
எல்லாவற்றுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எமரிட்டுக்கு ஒதுக்கவில்லை.
அவன் போன படகு எல்லை தாண்டியதென்று
பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.
யாழ்ப்பாணத்துச் சிறையில் அவன்,
இங்கே நாலாம் நம்பரில் அவன் அட்வான்ஸ்.
மாதாமாதம் அதிலிருந்து கழித்தேன்.
ரொசாலி வந்து நோட்டில் கையெழுத்துப் போடுவாள்,
தன் பணம் குறைவதைத் தானே கூட்டிப் பார்த்து,
சரியா இருக்கக்கா என்பாள்.
ஆறு மாதம். ஆறு கையெழுத்து.

வைகாசியில் கழிக்க ஒன்றுமில்லை.
அவள் வரவில்லை.
மீட்டர் பார்க்கிற சாக்கில் நான் போனேன்.
யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று
நான் வைத்த உள்மீட்டர்.
பதினோரு யூனிட்தான் ஓடியிருந்தது.
இந்தப் புழுக்கத்தில்.
கதவு திறந்திருந்தது. பையன் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான்,
முழங்கை வேர்வையில் தாள் ஒட்டிக்கொண்டு வந்தது.
"ஃபேனைப் போடு" என்றேன்.
நான் சொல்ல வந்தது அதுவல்ல.
அவளுக்கும் தெரியும்.
போட்டாள். சத்தம் போட்டுச் சுற்றியது,
கண்டென்சர் போயிருக்கிறது, அதுவும் என் செலவு.

ராத்திரி சீனிக்கட்டி போன் செய்தார்.
"ஆள் இருக்கிற வீடு" என்றேன்.
"காலி பண்ணித் தந்தால் மேலே ரெண்டு லட்சம்."
நான் வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார்,
யோசிக்கட்டும் என்று.

நோட்டில் நாலாம் நம்பருக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
காலையில் நாகூர்கனி வருகிறார்.
எம்-சாண்ட் அரை யூனிட் சொல்லியிருக்கிறேன்.
துருவைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியுமாம்,
உள்ளே கம்பி எவ்வளவு மிச்சம் என்று.